எல்லை உள்ள பள்ளியும் எல்லை இல்லாத பள்ளியும்

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டைப் பற்றிய கேள்விகள் பல ஒரே சமயத்தில் சேர்ந்துவிட்டமையால், இந்த இதழில் இப்பகுதி முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கப்படுகிறது. பதில்களில் கால்பந்து என்று வருமிடமெல்லாம் தலைக்கவசம் அணிந்து பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தையே கொள்க.

கேள்வி: கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் வறுமையில் வளர்ந்தவர் என்று படித்திருக்கிறேன். ஆனால் அவர் படித்தது கட்டணம் வாங்கும் தனியார் பள்ளியில் என்றும் சொல்கிறார்கள். அங்கே தனியார் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளும் ஒரே போட்டியில் மோதுகின்றனவா? (மதுரை வாசகர்)

இரண்டும் உண்மையே. ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் தாயோடு வீடு மாறி வீடு மாறி வளர்ந்த லெப்ரான், 1999-இல் செயின்ட் வின்சென்ட்–செயின்ட் மேரி என்னும் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்ந்தார். அவரும் சிறு வயது முதல் அவரோடு ஆடிவந்த நண்பர்களும் கறுப்பின மாணவர்கள் மிகுந்த பக்டெல் அரசுப் பள்ளிக்குப் போவார்கள் என்று ஊர் எதிர்பார்த்திருந்தது. அவர்கள் கூட்டாக வேறு பள்ளியைத் தேர்ந்தெடுத்தது அங்குள்ள பலருக்கு மனக்கசப்பைத் தந்தது. லெப்ரான் இருந்த காலத்தில் அந்தப் பள்ளி 2000, 2001, 2003 ஆகிய ஆண்டுகளில் மாநிலப் பட்டம் வென்றது. ஓஹையோவில் இரு வகைப் பள்ளிகளுக்கும் பட்டப்போட்டி ஒன்றே என்பதால், அரசுப் பள்ளிகளும் கலந்துகொண்ட போட்டியில்தான் இந்தப் பட்டங்கள் வெல்லப்பட்டன.

ஆனால் ஓஹையோவின் வழக்கம் எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தாது. பள்ளி விளையாட்டை நடத்துவது நாட்டின் மைய அரசு அன்று. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சங்கம் நடத்துகிறது; பெரும்பாலும் அது பள்ளிகள் தாமே சேர்ந்து அமைத்துக்கொண்டது. 50 மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்குமாக இப்படி 51 சங்கங்கள் உள்ளன. இவற்றின் தேசியக் கூட்டமைப்பு 1920-இல் உருவானது; அது ஆட்ட விதிகளை எழுதுமே தவிர, யார் யாரோடு மோதலாம் என்று தீர்ப்பதில்லை. டெக்சாசின் சங்கம் 1910 முதல் இயங்குவது. அரசுப் பள்ளிகளுக்கே உரியது. தனியார் பள்ளிகளுக்கு அங்கே வேறு சங்கம் உண்டு. தங்கள் அளவுக்கு ஏற்ற தனியார் சங்கம் இல்லாமற்போன டல்லாஸ், ஹூஸ்டன் நகரங்களின் இரண்டு இயேசு சபைப் பள்ளிகள் மட்டும் 2003-இல் விதிவிலக்காக அரசுப் பள்ளிகளின் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டன. வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் அரசுப் பள்ளிகள் தமக்குள்ளேயே பட்டத்துக்கு ஆடுகின்றன. ஓஹையோ, இந்தியானா, இல்லினாய், கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் இரு தரப்பும் ஒரே சங்கத்தில் இருக்கின்றன; சச்சரவு பெரும்பாலும் எழுவது இத்தகைய மாநிலங்களில்தான்.

சேர்ந்து ஆடும் இடங்களிலும் எல்லாப் பள்ளிகளும் ஒரே கூட்டில் அடைக்கப்படுவதில்லை. மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளைப் பிரிவு பிரிவாக வகுத்து, பிரிவுக்கு ஒரு பட்டம் தருகிறார்கள். இரண்டாயிரம் பேர் படிக்கும் பள்ளியை இருநூறு பேர் படிக்கும் பள்ளியோடு மோதவிடுவது நியாயமன்று என்பதே இந்த வகுப்புமுறையின் அடிப்படை. மாணவர் எண்ணிக்கைதான் பள்ளியின் பலத்துக்கு அளவுகோல் என்ற அந்த நம்பிக்கை தனியார் பள்ளிகளின் விஷயத்தில் பொய்த்துப்போவதே தகராறின் வேர்.

கேள்வி: தனியார் பள்ளிகளிடம் பணம் இருக்கிறது, அதனால் வெல்கின்றன; இதில் ஆராய என்ன இருக்கிறது? (கோவை வாசகர்)

பணம் ஒரு காரணம், ஆனால் முதற்காரணம் அன்று. நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் செயின்ட் ஆண்டனி என்றொரு கத்தோலிக்கப் பள்ளி இருந்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் மிகுதியாகப் படித்த சிறிய பள்ளி. சொந்தமாக ஓர் உள்ளரங்க ஆடுகளம்கூடக் கிடையாது. அதன் கூடைப்பந்து அணியை நான்கு தசாப்தங்களுக்கு மேல் பயிற்றுவித்த பாப் ஹர்லி, பெரும்பகுதிக் காலம் நன்னடத்தை அலுவலராக வேலை பார்த்துக்கொண்டே அந்தப் பணியைச் செய்தவர். அந்த அணி வென்ற மாநிலப் பட்டங்கள் 28. ஹர்லி 2010-இல் கூடைப்பந்தின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். பள்ளியோ பணமில்லாமல் 2017-இல் மூடப்பட்டது. பணம்தான் பட்டம் தருகிறது என்றால் இந்தப் பள்ளிக்கு ஒரு பட்டம்கூடக் கிடைத்திருக்கக் கூடாது.

முதற்காரணம் எல்லை. அமெரிக்காவில் அரசுப் பள்ளி என்பது ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தின் பள்ளி. அந்த வட்டாரத்தின் வீட்டு வரி அதை நடத்துவதில் பெரும்பங்கு வகிக்கிறது; அந்த வட்டாரத்தில் முகவரி உள்ள பிள்ளைகள் அதில் படிக்கிறார்கள். கோட்டுக்கு அப்பால் ஒரு தெரு தள்ளி அபாரமான வீரன் ஒருவன் இருந்தாலும் அவன் வேறு பள்ளியின் வீரன். தனியார் பள்ளிக்கு இப்படிக் கோடு கிடையாது. பெற்றோர் காரோட்டத் தயாராக உள்ள தூரம் வரை அதன் எல்லை நீளும். ஒரு பெருநகரத்தின் நடுவே உள்ள ஐந்நூறு பேர் பள்ளி, தன் வீரர்களை இருபது அரசுப் பள்ளிகளின் நிலப்பரப்பிலிருந்து திரட்ட முடியும். எண்ணிக்கையில் அது ஐந்நூறு பேர் பள்ளிதான். அதன் அணி மட்டும் ஒரு மாவட்டத்தின் தேர்வு அணிக்கு நிகராக இருக்கும்.

இரண்டாவது காரணம் அவ்வளவாகப் பேசப்படாதது. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. அரசுப் பள்ளி யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. மாற்றுத்திறன் கொண்டவர்கள், ஆங்கிலம் இப்போதுதான் கற்பவர்கள், பள்ளி முடிந்ததும் கடையில் வேலைக்கு ஓட வேண்டியவர்கள், பாதியில் படிப்பை விடும் நிலையில் இருப்பவர்கள் என எல்லோரும் அதன் கணக்கில் வருவார்கள். தனியார் பள்ளி தேர்ந்து சேர்க்கிறது. பிள்ளையின் விளையாட்டுக் காலணிக்கும் கோடைப் பயிற்சி முகாமுக்கும் செலவழிக்கவும், பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டு அழைத்துவரவும் வசதியுள்ள குடும்பங்கள் அங்கே அதிகம். ஆகவே ஐந்நூறு பேர் கொண்ட இரு பள்ளிகளில், களத்தில் இறங்கக்கூடியவர்களின் தொகை வெவ்வேறாக இருக்கும். ஆண்கள் மட்டும் படிக்கும் பள்ளியின் எண்ணிக்கையைச் சங்கங்கள் பொதுவாக இரட்டித்துக் கணக்கிடுகின்றன. எண்ணிக்கை அப்படியே பலம் ஆகாது என்பதை அவை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டன என்பதற்கு இதுவே சான்று.

கேள்வி: நல்ல வீரர்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்கத் தனியார் பள்ளிகளுக்கு அனுமதி உண்டா? (புதுச்சேரி வாசகி)

இல்லை. விளையாட்டுக்காக ஆள் பிடிப்பதைப் பொதுவாக எல்லாச் சங்கங்களும் தடை செய்கின்றன. கட்டணச் சலுகை தரலாம். ஆனால் அது குடும்பத்தின் தேவையைப் பொறுத்ததாக இருக்க வேண்டுமே தவிர, பிள்ளையின் ஆட்டத்திறனைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது என்பதே வழக்கமான விதி. இந்த விதியை எங்கே மீறியதாகக் கொள்வது என்பதுதான் சிக்கல். ஒரு வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை இருமுறை சென்றது.

டென்னசி மாநிலத்தில் நாஷ்வில் அருகே உள்ளது பிரென்ட்வுட் அகாடமி. அதன் கால்பந்துப் பயிற்சியாளர், அடுத்த ஆண்டு அந்தப் பள்ளியில் சேர்வதாக ஒப்பந்தம் செய்துவிட்ட எட்டாம் வகுப்புச் சிறுவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். வசந்தகாலப் பயிற்சி தொடங்கப்போகிறது, வந்து கலந்துகொள்ளலாம், சீக்கிரம் கலந்துகொள்வது உங்களுக்கே நல்லது என்பது கடிதத்தின் சாரம். 'உங்கள் பயிற்சியாளர்' என்று கையொப்பம் இட்டிருந்தார். பள்ளிக்கு மூன்று நாளாவது வந்தால்தான் ஒரு மாணவன் அந்தப் பள்ளியின் மாணவனாகக் கருதப்படுவான் என்று சங்கம் தன் விதிக்குப் பொருள் கொண்டிருந்தது. அதன்படி இச்சிறுவர்கள் இன்னும் அந்தப் பள்ளி மாணவர்கள் அல்லர். ஆகவே அந்தக் கடிதம் ஆள்பிடிப்பு. 1997-இல் சங்கம் பள்ளிக்கு 3,000 டாலர் அபராதமும் நான்காண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் விதித்து, கால்பந்திலும் ஆண்கள் கூடைப்பந்திலும் பிளே-ஆஃப் எனப்படும் பட்டத்துக்கான இறுதிச் சுற்றுகளில் இரண்டாண்டு ஆடத் தடையும் போட்டது.

பள்ளி வழக்குத் தொடுத்தது. முதலில் எழுந்த கேள்வி, சங்கம் ஒரு தனியார் அமைப்பா, அரசின் அங்கமா என்பது. தனியார் அமைப்பு என்றால் பேச்சுரிமை மீறல் என்று அதன்மீது வழக்குப் போடவே முடியாது. உறுப்பினர்களில் 84 சதவீதம் அரசுப் பள்ளிகள், அரசுப் பள்ளி அதிகாரிகளே அதை நடத்துகிறார்கள் என்பதைச் சுட்டி, அது அரசின் செயலாகவே கொள்ளத்தக்கது என்று 2001-இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. பள்ளிக்கு இது பெரிய வெற்றி. ஆனால் 2007-இல் வழக்கின் உட்பொருளைத் தீர்க்கும்போது நீதிபதிகள் சங்கத்தின் பக்கமே நின்றார்கள். சங்கத்தில் சேர்வது விருப்பத்தைப் பொறுத்தது, சேர்ந்தபின் அதன் விதிக்கு உட்பட வேண்டும், நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் பயிற்சியாளர்கள் நேரடியாக நெருக்கிப் பேசுவதைத் தடுப்பதற்குப் போதிய காரணம் உண்டு என்றார்கள்.

பத்தாண்டு வழக்கு ஒரு கடிதத்துக்காக நடந்தது என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் பதின்மூன்று வயதுப் பையனுக்குப் பெரிய பள்ளியின் பயிற்சியாளர் கைப்பட எழுதும் கடிதம் சாதாரண விஷயமன்று. இதில் 2007-இன் தீர்ப்பே சரியென்று நான் நினைக்கிறேன். அதே சமயம் விதியை அமல்படுத்துவது எவ்வளவு கடினம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடிதம் கையில் சிக்கும். தேவாலய வாசலில் பழைய மாணவர் ஒருவர் பையனின் தந்தையிடம் பேசிய பேச்சு எவர் கையிலும் சிக்காது.

கேள்வி: தென் மாநிலங்களில் தனியார் பள்ளிகளுக்குத் தனிச் சங்கங்கள் உருவானதற்கு இனப் பாகுபாடு காரணம் என்கிறார்களே? (சென்னை, வரலாற்று மாணவி)

ஒரு பகுதிக்கு ஆம். 1954-இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று தீர்ப்பளித்தபின், வெள்ளையர் பிள்ளைகளுக்காகவே தென் மாநிலங்களில் நூற்றுக்கணக்கான தனியார் பள்ளிகள் முளைத்தன. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் வட்டாரம் இரு இனப் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பதை ஏற்பதைவிட மூடுவது மேல் என்று தன் அரசுப் பள்ளிகளை 1959 முதல் 1964 வரை பூட்டியே வைத்திருந்தது. வெள்ளையர் பிள்ளைகள் புதிதாகத் தொடங்கிய தனியார் பள்ளிக்குப் போனார்கள், கறுப்பினப் பிள்ளைகள் பெரும்பாலோருக்குப் பள்ளியே இல்லை. மிசிசிப்பியில் இத்தகைய பள்ளிகள் 1968-இல் தமக்கெனச் சங்கம் அமைத்து, விளையாட்டையும் தமக்குள்ளேயே நடத்திக்கொண்டன. 1976-இல் உச்ச நீதிமன்றம் தனியார் பள்ளிகளும் இனம் பார்த்து மாணவரை மறுக்கக் கூடாது என்று சொன்னது. இன்று அந்தச் சங்கங்களின் பள்ளிகளில் கறுப்பின மாணவர்களும் ஆடுகிறார்கள். பிறந்த கதை மட்டும் மாறவில்லை.

வடக்கின் கதை வேறு. அங்கே தனியார் பள்ளி என்றால் பெரும்பாலும் கத்தோலிக்கப் பள்ளி. அரசுப் பள்ளிகளில் புராட்டஸ்டன்ட் சாயல் தூக்கலாக இருந்த காலத்தில் ஐரிஷ், இத்தாலிய, போலந்துக் குடியேறிகள் சில்லறைக் காசு சேர்த்துக் கட்டியவை பல. எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளியிலேயே படிக்க வேண்டும் என்று ஆரெகன் மாநிலம் இயற்றிய சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1925-இல் செல்லாதென்று அறிவித்தது. அதன் பிறகே இப்பள்ளிகளின் இருப்பு கேள்விக்கு அப்பாற்பட்டதாயிற்று. இந்தியானாவின் சங்கம் 1942 வரை கத்தோலிக்கப் பள்ளிகளையும் கறுப்பினப் பள்ளிகளையும் சேர்த்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் பொதுவான பள்ளிகளுக்கே இடம் என்பது அது சொன்ன காரணம். இண்டியானாபொலிசின் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளி மாநகராட்சியின் பள்ளி, வரிப்பணத்தில் நடந்த பள்ளி; கறுப்பினப் பிள்ளைகளை மட்டும் அங்கே அனுப்பியது நகர நிர்வாகம். அப்படி ஒதுக்கி வைத்துவிட்டு, 'இது எல்லோருக்கும் பொதுவான பள்ளி அன்று' என்று போட்டியிலிருந்தும் விலக்கினார்கள். கதவு திறந்து பதின்மூன்று ஆண்டுகளில், 1955-இல், அந்தப் பள்ளி மாநிலக் கூடைப்பந்துப் பட்டத்தை வென்றது. தனிப்போட்டி வேண்டும் என்று இன்று கேட்பவர்களுக்கு இந்த நோக்கம் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் யாரைப் பொதுப் போட்டியிலிருந்து விலக்கலாம் என்ற பேச்சு எழும்போது வயதானவர்கள் சிலர் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பதற்கு இது விளக்கம்.

கேள்வி: மாணவர் எண்ணிக்கையை ஒரு எண்ணால் பெருக்கிவிட்டால் கணக்கு நேராகிவிடாதா? (திருநெல்வேலி, பொறியியல் மாணவர்)

பெருக்கிப் பார்த்துவிட்டார்கள். இல்லினாய் 2005-இல் 1.65 என்ற பெருக்கெண்ணைக் கொண்டுவந்தது: 450-க்கும் குறையாத மாணவர்களோடு, எல்லைக்கோடு இல்லாமல் இயங்கும் பள்ளியில் 600 பேர் இருந்தால் 990 பேர் இருப்பதாகக் கொண்டு மேல் பிரிவில் வைப்பார்கள். மிசூரி 1.35 என்ற எண்ணை வைத்தது. இந்த 1.65-உம் 1.35-உம் நுட்பமான ஆய்வில் கண்டெடுத்த மாறிலிகள் என்று பொறியியல் மாணவரான நீங்கள் எண்ணிவிட வேண்டாம். ஒரே சிக்கலுக்கு இரு பக்கத்து மாநிலங்கள் இவ்வளவு வேறான எண்களை வைத்திருந்ததே அவற்றின் துல்லியத்தைச் சொல்லும்.

பெருக்கெண்ணின் பெரிய குறை, அது எல்லாத் தனியார் பள்ளிகளையும் ஒரே தட்டில் வைப்பது. பட்டங்களை அள்ளும் நகரத்துக் கத்தோலிக்கப் பள்ளியையும், வருடம் முழுவதும் தோற்று மகிழ்ச்சியாக வீடு திரும்பும் சிறு பள்ளியையும் அது ஒன்றுபோல் உயர்த்துகிறது. தோற்கும் பள்ளி இன்னும் பெரிய பள்ளிகளிடம் போய்த் தோற்க வேண்டும். இதை உணர்ந்தே இல்லினாய் பின்னாளில் வெற்றி பெறாத பள்ளிகளுக்கு விலக்கு அளித்தது. மிசூரி 2020-இல் பெருக்கெண்ணையே கைவிட்டு, முந்தைய ஆண்டுகளின் வெற்றியை அளக்கும் முறைக்கு மாறியது.

வெற்றியை அளக்கும் முறைக்கு நல்ல உதாரணம் இந்தியானா. 2012-இல் அங்கே ஏற்கப்பட்ட விதிப்படி, மாநிலப் பட்டத்துக்கு 4 புள்ளி, அதற்குக் கீழ்ச் சுற்றுகளின் வெற்றிக்கு முறையே 3, 2, 1. இரண்டாண்டில் 6 புள்ளி சேர்த்தால் அந்த விளையாட்டில் மட்டும் அடுத்த பிரிவுக்கு ஏற வேண்டும். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற பேதம் இதில் இல்லை என்பது இதன் அழகு. மூத்த மாணவர்கள் வென்றதற்கு, அவர்கள் படிப்பை முடித்துப் போனபின் இளையவர்கள் விலை கொடுப்பது இதன் குறை. இண்டியானாபொலிசின் கதீட்ரல் பள்ளி கால்பந்தில் இவ்விதம் மேல் பிரிவுக்கு ஏற்றப்பட்டது. அங்கே போய் 2013, 2014 இரண்டு ஆண்டும் பட்டத்தை வென்று வந்தது. விதி தோற்றது என்று இதைச் சிலர் சொல்வார்கள். கீழ்ப்பிரிவில் அந்த அணியிடம் சிக்கியிருக்கவேண்டிய பள்ளிகள் அப்படிச் சொல்லமாட்டா.

ஓஹையோவின் வழியே எனக்கு எல்லாவற்றிலும் நேர்மையாகத் தோன்றுகிறது. அங்கே உறுப்புப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் வாக்களித்தால்தான் விதி மாறும். 2011, 2012, 2013 என மூன்று ஆண்டும் சீர்திருத்தம் தோற்றது. 2014-இல் நிறைவேறி, 2017 முதல் நடைமுறைக்கு வந்தது. பள்ளி யாருடையது என்று அது முதலில் கேட்பதில்லை; இந்த அணியில் ஆடும் ஒவ்வொருவரும் எங்கிருந்து வந்தவர் என்று கேட்கிறது. அரசுப் பள்ளி என்றால் அதன் எல்லைக்குள் வசிப்பவரா, வெளியிலிருந்து வந்தவரா? தனியார் பள்ளி என்றால் அதற்கு வழக்கமாகப் பிள்ளைகளை அனுப்பும் கீழ்நிலைப் பள்ளியில் தொடர்ந்து படித்து வந்தவரா, ஒன்பதாம் வகுப்பில் புதிதாக வந்து இறங்கியவரா? வெளியிலிருந்து வந்தவர் ஒவ்வொருவருக்கும் அந்தந்த விளையாட்டுக்கென வகுத்த எண்ணிக்கை கூட்டப்பட்டு, அந்த அணியின் பிரிவு முடிவாகிறது. ஐந்து பேர் ஆடும் கூடைப்பந்தில் வெளியாள் ஒருவரின் வரவு செய்யும் மாற்றம், தாக்குதலுக்கும் தடுப்புக்குமாக இருபத்திரண்டு பேர் தேவைப்படும் கால்பந்தில் செய்யும் மாற்றத்தைவிடப் பெரியது அல்லவா; அதற்கேற்ப எண்ணும் மாறுகிறது. காகித வேலை மிகுதி, விளையாட்டு நிர்வாகிகள் புலம்புகிறார்கள் என்பதெல்லாம் உண்மை. ஆனால் நியாயக்குறைவு எங்கே இருக்கிறதோ அங்கேயே அளவுகோலை வைக்கும் முறை இது ஒன்றுதான்.

கேள்வி: இவ்வளவு கணக்கு எதற்கு? இரண்டையும் பிரித்துவிட்டால் போயிற்று. (ஈரோடு வாசகர்)

பிரித்துப் பார்த்த மாநிலங்களும் உண்டு. நியூ ஜெர்சியில் சாதாரண ஆட்டங்களில் இரு தரப்பும் மோதும்; மாநிலப் பட்டத்துக்கு மட்டும் தனியார் பள்ளிகள் தனிக் குழுக்களில் ஆடும். டென்னசி 1997-இல் கட்டணச் சலுகை தரும் தனியார் பள்ளிகளுக்கெனத் தனிப் பிரிவு வகுத்தது. லூசியானாவில் தலைமையாசிரியர்கள் 2013-இல் வாக்களித்துக் கால்பந்துப் பிளே-ஆஃபைப் பிளந்தார்கள். 2016-இல் கூடைப்பந்தும் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் சேர்ந்தன. ஜார்ஜியா 2022-இல் எல்லைக்கு வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு மாணவரையும் மூவராக எண்ணிப் பார்த்தது. 2024 முதல் சிறிய பிரிவுகளின் தனியார் பள்ளிகளுக்குத் தனிப் பிளே-ஆஃப் வைத்தது.

லூசியானாவில் நடந்ததைக் கவனியுங்கள். கால்பந்தில் 5 பட்டங்கள் இருந்த இடத்தில் 9 பட்டங்கள் ஆயின. தனியார் பள்ளிகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் அவர்கள் பக்கத்துச் சுற்றுகள் சிறுத்தன. சில பள்ளிகள் இரண்டு மூன்று ஆட்டங்களிலேயே இறுதிப் போட்டி அரங்குக்கு வந்துவிட்டன. பிறகு, எல்லைக்கோடு இல்லாத அரசுப் பள்ளிகளும் இருக்கின்றனவே, அவற்றை எந்தப் பக்கம் வைப்பது என்ற கேள்வி எழுந்து, 2022-இல் வரையறையையே திருத்தி அவற்றில் பலவற்றைத் தனியார் பக்கம் தள்ளினார்கள். பிரித்த பிறகும் எல்லைப் பிரச்சினையே திரும்ப வந்து நின்றது.

தனியார் பள்ளிகளுக்குள்ளும் இதே சண்டை மூளும். மேரிலாந்தின் பால்டிமோரில் செயின்ட் பிரான்சிஸ் அகாடமி உள்ளது. கறுப்பினப் பிள்ளைகளுக்காகக் கறுப்பினக் கன்னியர் 1828-இல் தொடங்கியது. அதன் கால்பந்து அணி நாடெங்கிலும் பேசப்படும் அளவுக்கு வளர்ந்ததும், 2018-இல் அதே தொடரின் மற்றத் தனியார் பள்ளிகள் அதனோடு ஆட மறுத்தன. எங்கள் பிள்ளைகளின் உடலுக்கு ஆபத்து என்றார்கள் ஒரு சாரார். வேறு ஏதோ காரணம் ஒளிந்திருக்கிறது என்றார்கள் மறுசாரார். அங்கே அரசுப் பள்ளி ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தெற்கு கலிபோர்னியாவின் உயர்பிரிவுக் கால்பந்துப் பட்டத்தை 2016 முதல் 2024 வரை மேட்டர் டே, செயின்ட் ஜான் பாஸ்கோ என்ற இரண்டு கத்தோலிக்கப் பள்ளிகளே மாறி மாறி வைத்துக்கொண்டன. தனியார் பள்ளிகளை மட்டும் தனியாகப் பிரித்தாலும் இவ்விரண்டும் போக மிஞ்சிய தனியார் பள்ளிகளின் கதி அரசுப் பள்ளிகளின் கதியாகத்தான் இருந்திருக்கும்.

கேள்வி: அரசுப் பள்ளிகள் எல்லாம் தவறே செய்யாதவையா? (தஞ்சாவூர் வாசகி)

அப்படி யாரும் நம்ப வேண்டாம். கலிபோர்னியாவின் டி லா சால் என்ற கத்தோலிக்கப் பள்ளி 1992 முதல் 2004 வரை கால்பந்தில் தொடர்ந்து 151 ஆட்டங்கள் வென்றது. அந்தத் தொடரை 2004 செப்டம்பரில் சியாட்டிலில் முறித்தது பெல்வியூ என்ற அரசுப் பள்ளி, 39–20. அரசுப் பள்ளிகளின் ஆதரவாளர்கள் கொண்டாடிய வெற்றி அது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, அதே பெல்வியூவின் கால்பந்து அணியில் போலி முகவரி உள்ளிட்ட விதிமீறல்கள் நடந்ததாக விசாரணையில் தெரியவந்து, பிளே-ஆஃப் ஆடத் தடை விதிக்கப்பட்டது.

ஃபுளோரிடாவில் போலி முகவரிக்குக்கூட அவசியம் இல்லை. 2016-இல் இயற்றிய சட்டப்படி, இடம் காலியாக உள்ள எந்த அரசுப் பள்ளியிலும் மாநிலத்தின் எந்தப் பிள்ளையும் சேர்ந்து உடனே அணியில் ஆடலாம். அங்கே அரசுப் பள்ளிகளே ஒன்றின் வீரரை மற்றொன்று இழுக்கின்றன. பணக்காரப் புறநகர்களின் அரசுப் பள்ளிகளையும் மறக்க வேண்டாம்: கட்டணம் கிடையாது, ஆனால் அந்த எல்லைக்குள் வீடு வாங்க முடிந்தவர்களுக்கே இடம். வீட்டின் விலையே அங்கே கட்டணம்.

கேள்வி: தொலைக்காட்சியில் ஆடிய ஒரு பள்ளி உண்மையில் பள்ளியே இல்லை என்றார்களே, அது கதையா? (சேலம் வாசகர்)

நடந்ததுதான். 2021 ஆகஸ்டில் ஓஹையோவைச் சேர்ந்ததாகச் சொல்லிக்கொண்ட பிஷப் சிகாமோர் என்ற அணி, ஃபுளோரிடாவின் ஐஎம்ஜி அகாடமியோடு ஈஎஸ்பிஎன் ஒளிபரப்பில் ஆடி 58–0 என்று தோற்றது. அதன்பின் விசாரித்தபோது, பள்ளி என்று சொல்லத்தக்க எதுவும் அங்கே இல்லை எனத் தெரிந்தது. அது மாநிலச் சங்கத்தின் உறுப்புப் பள்ளியும் அன்று. ஆகவே நாம் பேசும் விவகாரத்தில் அதற்குப் பங்கில்லை.

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். மகன் எட்டாம் வகுப்பு. நன்றாகக் கூடைப்பந்து ஆடுவான். கோடை முகாமில் ஒரு தனியார் பள்ளியின் பயிற்சியாளர் அவனிடம் பேசி, கட்டணச் சலுகை கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார். என்ன செய்யலாம்? (பெயர் வெளியிட விரும்பாத தந்தை)

பயிற்சியாளரோடு பேசுவதை நிறுத்திவிட்டு, பள்ளியின் சேர்க்கை அலுவலகத்தோடு பேசத் தொடங்குங்கள். சலுகை பற்றிச் சொல்லும் அதிகாரம் அந்த அலுவலகத்துக்கே உண்டு. பயிற்சியாளர் சொன்ன சலுகையை நம்பிச் சேர்ந்து, பிறகு அது ஆள்பிடிப்பு என்று முடிவானால், ஆடும் தகுதியை இழப்பது உங்கள் மகனாக இருக்கக்கூடும். சலுகை குடும்ப வருமானத்தை வைத்துத் தரப்படுகிறதா, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமா, அவன் காயப்பட்டாலோ அணியில் இடம் கிடைக்காமற்போனாலோ தொடருமா என்ற மூன்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மாநிலத்தில் தனியார் பள்ளிகள் பட்டத்துக்குத் தமக்குள்ளேயே ஆடுவதால், அணியில் இடம் பிடிப்பதற்கான போட்டி அரசுப் பள்ளியில் இருப்பதைவிடக் கடுமையாக இருக்கலாம் என்பதையும் மகனிடம் சொல்லிவையுங்கள்.

முடிவை ஒன்பதாம் வகுப்பு தொடங்கும் முன்பே எடுப்பது நல்லது. உயர்நிலைப் பள்ளியில் முதன்முதலாகச் சேரும் மாணவர் பொதுவாக எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் உடனே ஆடலாம். ஒரு பள்ளியில் சேர்ந்து ஆடிவிட்டு, வீடு மாறாமல் இன்னொரு பள்ளிக்குத் தாவினால் குறிப்பிட்ட காலம் களத்துக்கு வெளியே உட்கார வேண்டியிருக்கும். அந்தக் காலம் எவ்வளவு என்பது மாநிலச் சங்கத்தின் நடப்பு ஆண்டு விதிப்புத்தகத்தில் இருக்கும். உங்கள் வட்டார அரசுப் பள்ளியின் விளையாட்டு நிர்வாகியைக் கேட்டால் அந்தப் பக்கத்தையே எடுத்துக் காட்டுவார்.